இடைக்கால ஐரோப்பியக் கவசத்தை ஆராய்ந்து அமைப்பது எப்படி: வரலாற்று மறுநிகழ்த்தலில் ஈடுபடுவோருக்கான வழிகாட்டி

பழங்கால மனிதரைப் போல உடுத்தி அக்காலத்தை நிகழ்த்திக் காட்டும் வரலாற்று மறுநிகழ்த்தலில் இறங்குகிற பெரும்பாலோர் முதலில் ஒரு தலைக்கவசத்தையோ வாளையோ வாங்கிவிட்டு, அதற்குப் பொருத்தமான காலத்தையும் மனிதனையும் பிறகு தேடத் தொடங்குகிறார்கள். வாங்கிய பொருள்களை வைத்து ஒரு மனிதனைக் கற்பனை செய்யும்போது 13ஆம் நூற்றாண்டின் வளையக் கவசமும் (இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்தது) 15ஆம் நூற்றாண்டின் முழங்கைத் தகடும் எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லாத வாளும் ஒரே உடலில் வந்து சேர்கின்றன. ஆராய்ச்சி முதலில், வாங்குவது கடைசியில் என்ற வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால் பணமும் மிச்சம், உருவாகிற மனிதனும் நம்பத்தக்கவனாக இருப்பான். அந்த வரிசையில் எப்படி நடப்பது என்பதே இங்கே பேசப்படுகிறது.

முதல் படி: ஒரு மனிதன், ஓர் ஊர், இருபது ஆண்டுகள்

"இடைக்காலம்" என்று நாம் பொதுவாகச் சொல்வது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள். அதற்குள் கவசம் ஒரே சீராக மாறவில்லை. 1066இல் ஹேஸ்டிங்ஸில் சண்டையிட்ட நார்மன் குதிரைவீரனுக்கும் 1190களில் சிலுவைப்போருக்குச் சென்றவனுக்கும் இடையே உடற்கவசத்தில் உள்ள வேறுபாடு, 1330க்கும் 1370க்கும் இடைப்பட்ட நாற்பதே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தைவிடக் குறைவு. அந்த நாற்பது ஆண்டுகளில் வளையக் கவசத்தின் மேல் தகடுகள் ஒவ்வொன்றாக ஏறி, தளர்ந்து தொங்கிய மேலங்கி சுருங்கி உடலோடு ஒட்டி, பெரிய வாளித் தலைக்கவசம் போர்க்களத்திலிருந்து விலகிப் போட்டிக் களத்துக்குப் போய், பாசினெட் என்னும் கூர்முடித் தலைக்கவசம் அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே "14ஆம் நூற்றாண்டு வீரன்" என்று தீர்மானிப்பது எதையும் தீர்மானிக்காததற்குச் சமம். இருபது ஆண்டுகளுக்கு மிகாத ஒரு காலம், ஒரு நாடு, முடிந்தால் ஒரு நகரமோ வட்டாரமோ, அதற்குள் ஒரு மனிதனின் சமூக நிலை, வருமானம், அவன் யாருக்காக, எதற்காக ஆயுதம் ஏந்துகிறான் என்ற காரணம் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

சமூக நிலையைத் தீர்மானிக்கும்போது பலர் மாவீரனையே (நைட் எனப்படும் உயர்குடிப் போர்வீரனை) தேர்ந்தெடுக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் செல்வந்தரின் கவசங்களாகையால் அந்தத் தேர்வு எளிதாகத் தோன்றும். ஆனால் செலவிலும் துல்லியத்திலும் அதுவே கடினமானது. நகரக் காவற்படையில் பணியாற்றும் கைவினைஞன், கூலிக்குச் சண்டையிடும் குறுக்குவில்காரன், ஒரு பிரபுவின் பரிவாரத்தில் இருக்கும் வில்லாளி ஆகியோரைப் பற்றிச் சட்டங்களும் படைப் பதிவேடுகளும் நிறையவே பேசுகின்றன. தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இவர்களுள் ஒருவரையே.

மூன்று வகைச் சான்றுகள்

மிஞ்சியிருக்கும் பொருள்கள், அக்காலத்தில் தீட்டிய அல்லது செதுக்கிய உருவங்கள், எழுதிய ஆவணங்கள் ஆகிய மூன்றும் மூன்று விதமாகப் பேசுகின்றன. மூன்றும் மூன்று விதமாகத் தவறான வழியும் காட்டுகின்றன. ஒரு பொருள் எவ்வளவு கனம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எங்கே ரிவெட் (தறையாணி) அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும். அதை அணிந்தவன் யார் என்று சொல்லாது. ஓவியம் முழு உருவத்தையும் அணியும் முறையையும் காட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாது. ஆவணம் யாரிடம் என்ன இருந்தது, என்ன விலை என்று சொல்லும். அது எப்படி இருந்தது என்று பெரும்பாலும் சொல்லாது. உங்கள் உடலில் ஏறும் ஒவ்வொரு துண்டுக்கும் இவற்றுள் குறைந்தது இரண்டு வகைகளிலிருந்து சான்று வேண்டும் என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓவியத்தில் மட்டும் தென்படுகிற வினோதமான பொருளை விட்டுவிட வேண்டும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

உருவங்களைப் படிப்பது

பெரும்பாலோர் தொடங்குவது ஓவியச் சுவடிகளிலிருந்துதான், அதில் தவறில்லை. 1240களில் பிரான்சில் உருவாகி இன்று நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கும் விவிலிய ஓவியச் சுவடி 13ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியின் கவசத்துக்கு இணையற்ற சான்று. வளையக் கவசத்தைத் தலைவழியாகக் கழற்றுகிற வீரன், மெத்தை அங்கி மட்டும் அணிந்த காலாள், விளிம்பு அகன்ற இரும்புத் தொப்பி என்று எல்லாமே அதில் இருக்கின்றன. ஜெர்மன் கவிஞர்களின் பாடல்களைத் தொகுத்த, ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தின் மானெஸ்ஸே சுவடி, பிரிட்டிஷ் நூலகத்தின் லட்ரல் சங்கீதச் சுவடி (விவிலியத்தின் சங்கீதப் பாடல்கள் அடங்கியது) ஆகியவை அதற்கு அடுத்த நூற்றாண்டின் முற்பகுதிக்கு உதவும். பெரிய நூலகங்கள் பல தம் சுவடிகளை உயர் தெளிவுள்ள படங்களாக இணையத்தில் இலவசமாகத் தந்திருப்பதால், யாரோ வெட்டி எடுத்துப் பரப்பிய துண்டுப் படத்தை நம்பாமல் முழுப் பக்கத்தையும் அதன் விளக்கக் குறிப்பையும் அங்கேயே பாருங்கள்.

படத்தைப் பார்க்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, அது எப்போது வரையப்பட்டது என்பது. அது யாரைக் காட்டுகிறது என்பது இரண்டாவது. இடைக்கால ஓவியர் தாவீது மன்னனையும் திராய் வீரர்களையும் தம் காலத்து உடையில் வரைந்தார்கள். அதனால்தான் விவிலியக் காட்சி நமக்குச் சமகாலச் சான்றாகிறது. அதே காரணத்தால் மானெஸ்ஸே சுவடியில் தென்படும் கவிஞர்களின் உடையை அக்கவிஞர்களின் காலத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அவர்களுள் ஒருவரான வால்தர் ஃபான் டெர் ஃபோகல்வைடெ 1230 வாக்கில் இறந்தவர். அவரை வரைந்த ஓவியர் 1300க்குப் பிந்தியவர். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 9ஆம் நூற்றாண்டின் உட்ரெக்ட் சங்கீதச் சுவடியை 1000ஆம் ஆண்டு வாக்கில் கேண்டர்பரியில் பார்த்துப் படியெடுத்தார்கள். அந்தப் படியில் தெரியும் ஆயுதம் எந்த நூற்றாண்டினுடையது என்பதை மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

ஓவியர் நல்லவனையும் கெட்டவனையும் உடையால் பிரித்துக் காட்டுவதையும் மறக்க வேண்டாம். கிறிஸ்துவைக் கைது செய்யும் காவலர், பிற மதத்தவர், அரக்கர் ஆகியோர் கையில் விசித்திரமான வளைந்த வாளும் உடலில் செதில் கவசமும் அடிக்கடி தோன்றும். அவை அக்காலத்தில் புழங்கியிருக்கலாம், ஓவியரின் கற்பனையாகவும் இருக்கலாம். இன்னொரு வகைச் சான்று வரும்வரை அவற்றைத் தொட வேண்டாம். வளையக் கவசத்தை வரையும் முறையும் குழப்பத்துக்கு இடம் தருகிறது. ஆயிரக்கணக்கான வளையங்களை ஒவ்வொன்றாக வரைய முடியாததால் சிலர் அரைவட்ட வரிசைகளாகவும், சிலர் குறுக்குக் கோடுகளாகவும், சிலர் பட்டைகளாகவும் அதைச் சுருக்கிக் காட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டு அறிஞர் சிலர் இந்த வரைமுறை ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவச வகையாக எண்ணிப் பெயரிட்டுவிட்டார்கள். அந்தப் பெயர்கள் இன்றும் விளையாட்டுகளிலும் விற்பனைப் பட்டியல்களிலும் உலவுகின்றன. மேற்கு ஐரோப்பாவில் அப்படித் தனி வகைகள் இருந்ததற்குப் பொருட்சான்று இல்லை.

சுவடியைவிடத் துல்லியமானது கல்லறைச் சிற்பம். பட்டை, கொக்கி, கீல் எல்லாம் முப்பரிமாணத்தில், ஏறக்குறைய உண்மை அளவில் இருக்கும். 1376இல் இறந்த இளவரசர் எட்வர்டு, அதாவது கறுப்பு இளவரசர், தம் உருவம் முழுக் கவசத்தோடு அமைய வேண்டும் என்று உயிலிலேயே எழுதிவைத்தார். கேண்டர்பரி பேராலயத்தில் உள்ள அந்தச் சிற்பம் அக்கால ஆங்கிலக் கவசத்துக்கு அடிப்படைச் சான்றாக விளங்குகிறது. வாரிக் நகரின் புனித மரியாள் ஆலயத்தில் உள்ள ரிச்சர்டு போஷாம் பிரபுவின் வெண்கலச் சிற்பத்தில், கிடத்திய நிலையில் யாரும் காண முடியாத முதுகுப்புறப் பட்டைகளும் கொக்கிகளும்கூடச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பிரபு இறந்தது 1439இல். சிற்பம் எழுந்தது ஏறக்குறைய பத்தாண்டுகள் கழித்து. அவர் மேல் இருக்கும் மிலான் பாணிக் கவசம் சிற்பம் செய்யப்பட்ட காலத்தினுடையது. வேறு சிலர் உயிரோடு இருக்கும்போதே தமக்குக் கல்லறை எழுப்பிக்கொண்டார்கள். ஆக, இறந்த ஆண்டைச் சிற்பத்தின் ஆண்டாகக் கொள்வது இரு பக்கமும் பிழைக்கு இடம் தரும்.

காலக்கணிப்பு மாறுவதும் உண்டு. சர்ரேயின் ஸ்டோக் டேபர்னன் ஆலயத்தில் உள்ள சர் ஜான் டேபர்னனின் பித்தளைக் கல்லறைத் தகட்டை நெடுங்காலம் 1277ஆம் ஆண்டினது, இங்கிலாந்திலேயே மிகப் பழையது என்று சொல்லிவந்தார்கள். பிற்கால ஆய்வு அதை 1320களுக்குக் கொண்டுவந்துவிட்டது. பழைய புத்தகத்தை நம்பி அந்தத் தகட்டைப் பார்த்து 1277க்குரிய மனிதனை அமைத்தவர் அரை நூற்றாண்டு பிந்திய உடையை அணிந்திருப்பார். எனவே ஒரு சான்றைக் குறிக்கும்போது அதன் காலத்தை யார், எப்போது கணித்தார்கள் என்பதையும் கூடவே குறித்துவையுங்கள்.

பொருள்களைப் படிப்பது

மிஞ்சிய பொருள்களில் முதலில் நாட வேண்டியவை, இருந்த இடம் மாறாமல் இருந்தவை. இத்தாலியின் தெற்கு டிரோலில் உள்ள சுர்பர்க் கோட்டையின் ஆயுதக்கூடம் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்ப வழியில் இருந்துவந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால உடற்கவசங்கள் அங்கே இன்றும் உள்ளன. மாந்துவா அருகே சாந்தா மரியா தெல்லே கிராட்சியே ஆலயத்தில் நேர்த்திக்கடன் உருவங்களுக்கு அணிவித்திருந்த கவசங்கள், வண்ணப்பூச்சு மூடியிருந்ததால் பல நூற்றாண்டுகளாக யார் கண்ணுக்கும் உண்மைக் கவசமாகத் தெரியவில்லை. 20ஆம் நூற்றாண்டில்தான் அவை 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவசங்கள் என்று அடையாளம் காணப்பட்டன. கேண்டர்பரியில் கறுப்பு இளவரசரின் கல்லறைக்கு மேல் தொங்கவிடப்பட்டிருந்த தலைக்கவசம், தையலிட்ட மெத்தை மேலங்கி, கைக்கவசங்கள், கேடயம் ஆகியவையும் இந்த வகையே. துணியால் ஆன மேலங்கி ஒன்று ஆறு நூற்றாண்டுக்கு மேல் தாங்கி நிற்பது மிக அரிது.

இவற்றுக்கு நேர்மாறாக, 19ஆம் நூற்றாண்டில் வணிகர் கை வழியாகச் சேர்ந்த கவசங்களில் எச்சரிக்கை தேவை. 1839இல் ஸ்காட்லாந்தின் எக்ளிண்டனில் நடந்த புகழ்பெற்ற போட்டி விழாவுக்குக் கவசம் வழங்கிய இலண்டன் வணிகர் சாமுவேல் பிராட், பழைய துண்டுகளோடு புதிதாகச் செய்த போலிகளையும் விற்றவர். அக்காலச் சேகரிப்பாளர்கள் முழு உருவம் வேண்டும் என்பதற்காக வேறுவேறு கவசங்களின் துண்டுகளை ஒன்றுசேர்த்தார்கள். எனவே அருங்காட்சியகத்தில் ஒரு முழுக் கவசத்தைக் கண்டால் அதன் விவரக் குறிப்பில் "கூட்டுக் கவசம்", "மறுசீரமைப்பு" போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தோல் பட்டைகளும் உள் துணிகளும் ஏறக்குறைய எப்போதும் பிற்காலத்தவை. இலண்டனின் வாலஸ் கலைக்கூடம், லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ், வியன்னாவின் ஆயுதக்கூடம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகியவை தம் பொருள்களின் எடை, அளவு, கைமாறிய வரலாறு ஆகியவற்றை வெளியிட்டிருக்கின்றன. படத்தைப் பார்ப்பதைவிட அந்த வரிகளைப் படிப்பதில் அதிக நேரம் செலவிடுங்கள்.

எடை விவரமே பல கட்டுக்கதைகளைக் கலைக்கும். 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. அந்த எடை உடல் முழுவதும் பரவியிருப்பதால் அணிந்தவன் ஓடவும் குதிரை ஏறவும் முடியும். முழு நீள வளையக் கவசம் 10 கிலோவை ஒட்டி. ஈட்டிப் போட்டிக்கென்று தனியாகச் செய்த பிற்காலக் கவசங்கள் மட்டுமே அவற்றைவிட மிகக் கனமானவை. மார்புத் தகட்டின் நடுவும் தலைக்கவசத்தின் முன்புறமும் தடிமனாகவும், கைகால் தகடுகள் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி மெல்லியவையாகவும் இருக்கும். ஒரே தகட்டுக்குள்ளும் தடிமன் மாறிக்கொண்டே போகும். இன்று விற்கும் மலிவுக் கவசங்கள் உருட்டாலையில் வந்த ஒரே தடிமன் தகட்டில் ஆனவை என்பதால் கை கால்களில் தேவைக்கு மேல் கனக்கின்றன. வளையக் கவசத்தில் ஒவ்வொரு வளையமும் ரிவெட் அடித்து மூடப்பட்டது, அல்லது ரிவெட் வளையமும் முழு வளையமும் வரிசை மாற்றி வந்தது. முனைகளை வெறுமனே நெருக்கி வளைத்த வளையங்களால் ஆன கவசத்துக்கு இடைக்கால ஐரோப்பாவில் சான்று இல்லை. மலிவு என்பதற்காக அதை வாங்காதீர்கள்.

ஆவணங்களைப் படிப்பது

சாதாரண மனிதனைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கைகொடுப்பது இந்த வகைதான். இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி 1181இல் பிறப்பித்த ஆயுதச் சட்டம், வருமானத்தையும் உடைமையையும் பார்த்து யார் எதை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது: மாவீரனுக்குரிய நிலம் உடையவனுக்கு வளையக் கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி, நகரத்தாருக்கும் சாதாரணச் சுதந்திர மனிதருக்கும் மெத்தை அங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி. 1285இன் வின்செஸ்டர் சட்டம் அதே போன்ற படிநிலையை இன்னும் நுணுக்கமாகத் தருகிறது. 40 ஷில்லிங்குக்கும் 100 ஷில்லிங்குக்கும் இடைப்பட்ட நில வருமானம் உள்ளவன் வாளும் வில்லும் அம்பும் கத்தியும் வைத்திருந்தால் போதும். சட்டம் சொல்வது இருக்க வேண்டியது; உண்மையில் இருந்ததைப் பார்க்கப் படைப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். டார்செட் மாவட்டத்தின் பிரிட்போர்ட் நகரில் 1457இல் எடுத்த கணக்கெடுப்பு, பெயர் பெயராக யாரிடம் என்ன இருந்தது என்று எழுதியிருக்கிறது. ஒருவனிடம் வில்லும் அம்புகளும் சாலெட் தலைக்கவசமும் மெத்தைச் சட்டையும் இருக்கின்றன. இன்னொருவனிடம் அவற்றுள் பாதிதான். இப்படிக் குறைவாக அணிந்தவனை அமைப்பது வரலாற்றுக்கு நெருக்கமானது என்பதை இந்தப் பதிவேடு எவருக்கும் உணர்த்திவிடும்.

கைவினைஞர் சங்க விதிகள் பொருளின் உட்புறத்தைப் பற்றிப் பேசுவதால் எனக்கு மிகவும் பிடித்தவை. 1322இல் இலண்டன் கவசக்காரர்களுக்கு வகுத்த விதியில், பட்டு மூடிய மெத்தை அங்கிக்குள் எதைத் திணிக்க வேண்டும், வெள்ளைத் துணி அங்கிக்குள் எதைத் திணிக்க வேண்டும் என்றெல்லாம் தனித்தனியே இருக்கிறது. பாசினெட்டைத் துணி போர்த்தி விற்கக் கூடாது, வாங்குபவர் இரும்பின் தரத்தைப் பார்க்கும்படி வெறுமையாகவே விற்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. அந்தத் தடை ஒன்றிலிருந்தே, தலைக்கவசத்தைத் துணியால் மூடுவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது என்பதும், பழையதைப் புதியது போல மறைத்து விற்போர் இருந்தனர் என்பதும் தெரிந்துவிடுகின்றன. ஒரு விதி எதைத் தடுக்கிறதோ அது நடந்துகொண்டிருந்தது என்று படிக்கப் பழகுங்கள்.

வணிகக் கடிதங்களும் உண்டு. இத்தாலியின் பிராத்தோவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ தாத்தீனி 14ஆம் நூற்றாண்டில் அவிஞோனில் இருந்து கவச வணிகம் செய்தவர். அவர் விட்டுச் சென்ற ஏறக்குறைய 1,50,000 கடிதங்கள் இன்றும் பிராத்தோவில் உள்ளன. கவசம் மூட்டை மூட்டையாக, பல தரத்தில், நாடு கடந்து விற்பனையான பொருள் என்பதற்கு அவை சான்று. ஆகவே உங்கள் ஆங்கிலேயன் மிலான் தலைக்கவசம் அணிவதில் தவறில்லை. அது எந்த வழியாக அவன் கைக்கு வந்தது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அணியும் முறைக்கு ஓர் ஆவணம் தனித்து நிற்கிறது. மார்கன் நூலகத்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சுவடி ஒன்றில், காலாளாகச் சண்டையிடுபவனுக்குக் கவசம் அணிவிக்கும் வரிசை விளக்கப்பட்டிருக்கிறது. சாட்டின் உள்துணி கொடுத்த, துளைகள் நிறைந்த ஃபஸ்டியன் என்னும் தடித்த துணிச் சட்டை. அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் தைத்த வளையத் துண்டுகள். குறுக்குவில் நாணுக்கு ஆகும் உறுதியான நூலை முறுக்கிச் செருப்புத் தைப்பவரின் மெழுகு பூசிய கட்டுக்கயிறுகள். கால்கவசம் உராயாமலிருக்க முழங்காலைச் சுற்றிய மெல்லிய கம்பளித் துண்டு என்று ஒவ்வொன்றும் அதில் வருகிறது. கவசம் தோளில் தொங்கவில்லை, உள்சட்டையில் கட்டப்படுகிறது என்ற அடிப்படை இங்கே தெளிவாகிறது. இன்று மறுநிகழ்த்தலில் கால்கவசம் நழுவுகிறது என்று முறையிடுவோரில் பலர் உடலுக்குப் பொருந்திய அந்தச் சட்டையைத் தைத்துக்கொள்ளாதவர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: கோட்லாந்து, 1361

மூன்று வகைச் சான்றுகளையும் பொருத்திப் பார்க்க விஸ்பி போர்க்களத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமாரின் படை, பால்டிக் கடலில் உள்ள கோட்லாந்துத் தீவின் குடியானவர் படையை விஸ்பி நகர மதிலுக்கு வெளியே முறியடித்தது. கோடை வெயிலில் உடல்கள் அழுகத் தொடங்கியதால் பலரைக் கவசத்தோடேயே பெருங்குழிகளில் இட்டுப் புதைத்தார்கள். 1905இலும் பின்னர் 1928 முதல் 1930 வரையிலும் நடந்த அகழாய்வுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகளும், இருபதுக்கும் மேற்பட்ட உடற்கவசங்களும், வளையத் தலைமூடிகளும், கைக்கவசத் தகடுகளும் வெளிவந்தன. பெங்ட் தோர்டெமான் 1939-40இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படை நூல். பொருள்கள் ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்திலும் விஸ்பியில் உள்ள கோட்லாந்து அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு உள்ளன.

நீங்கள் அந்தப் படையில் நின்ற ஒரு கோட்லாந்துக் குடியானவனை அமைக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடலுக்குத் தகட்டு அங்கி: தோல் அல்லது துணி உறையின் உட்புறம் இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்தது, வெளியே ரிவெட் தலைகள் மட்டுமே தெரியும். தோர்டெமான் இவற்றைத் தகடுகளின் அமைப்பை வைத்து வகைப்படுத்தியிருப்பதால், பொதுவாக "விஸ்பி கவசம்" என்று விற்பதை வாங்காமல் ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள கவசத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் தகடுகளின் எண்ணிக்கையும் ரிவெட் இடங்களும் நூலில் உள்ளபடியே அமைய வேண்டும் என்று கேளுங்கள். தலைக்கு வளையத் தலைமூடி உறுதியானது. அதன் மேல் இரும்புத் தொப்பியோ பாசினெட்டோ இருந்ததா என்பதைக் குழிகள் சொல்லவில்லை. அந்த இடத்தை அக்கால வட ஐரோப்பிய ஓவியங்களையும் ஆலயச் சுவரோவியங்களையும் கொண்டு நிரப்ப வேண்டும். கால்களுக்கு? எலும்புகளே விடை தருகின்றன. முழங்காலுக்குக் கீழே வெட்டுக்காயங்கள் ஏராளம். கீழ்க்காலில் இரும்பு இல்லாதவரே அங்கு மிகுதி என்று கொள்ள அது இடமளிக்கிறது. எனவே குடியானவனுக்குக் கால்கவசத்தை விட்டுவிடலாம், வெறும் கம்பளிக் காலுறை போதும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 1361இல் புதைந்தது என்பதால் அது 1361இல் செய்தது ஆகாது. இத்தாலியிலும் பிரான்சிலும் அதே ஆண்டுகளில் மாவீரர்கள் அணிந்தவற்றோடு ஒப்பிட்டால் விஸ்பியின் தகட்டு அங்கிகளில் பல, ஒரு தலைமுறை அல்லது அதற்கும் மேலே பழையவை. தந்தையோ பாட்டனோ வாங்கியதை மகன் அணிந்து போருக்கு வந்திருக்கிறான். ஆகவே இந்தக் கவசத்தை 1361ஆம் ஆண்டு பர்கண்டிய மாவீரன் மேல் ஏற்றுவது தவறு. 1330களின் வட ஜெர்மானியக் காலாள் மேல் ஏற்றுவது சரியாக இருக்கக்கூடும். தகட்டு அங்கியின் கருத்தே அதைவிட மிகப் பழையது என்பதற்கு மக்டபர்க் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கப்பட்ட புனித மௌரிஸ் சிலை சாட்சி. பணக்காரர் உடை மாற்றும் வேகமும் ஏழை உடை மாற்றும் வேகமும் வேறு என்பதை ஒவ்வொரு சான்றிலும் கணக்கில் கொள்ளுங்கள். பழைய பொருள் அணியலாம். வருங்காலப் பொருள் அணியக் கூடாது.

சான்றுத் தாள்

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். பொருளின் பெயர், அது தோன்றும் சுவடியின் நூலகம், எண், பக்கம். சிற்பமானால் ஆலயம், ஊர். அகழ்பொருளானால் கண்டெடுத்த இடம், அருங்காட்சியக எண். ஒவ்வொன்றின் காலமும் அக்காலத்தைக் கணித்தவரும். கடைசியாக, எதை நீங்கள் ஊகித்தீர்கள் என்பது. இந்தக் கடைசி வரியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். வளையத் தலைமூடிக்குக் கீழே பஞ்சுத் தொப்பி இருந்தது என்பது ஊகமானால் ஊகம் என்றே எழுதுங்கள். பார்வையாளர் கேட்கும்போது அப்படியே சொல்லுங்கள். இணையத்தில் யாரோ செய்த மறுவடிவத்தின் புகைப்படம் சான்று ஆகாது. இன்னொருவர் அமைத்த உடையைப் பார்த்து அமைத்தால் அவருடைய ஊகங்கள் உங்கள் தாளில் உண்மையாக ஏறிவிடும், மூன்றாமவர் உங்களைப் பார்ப்பார்.

வாளும் மற்ற ஆயுதங்களும்

வாளுக்கு யுவர்ட் ஓக்ஷாட் 20ஆம் நூற்றாண்டில் வகுத்த வகைப்பாடு இன்றும் பொதுமொழி. அலகின் வடிவம், குறுக்குவெட்டு, நடுப்பள்ளத்தின் நீளம் ஆகியவற்றை வைத்து அவர் 10 முதல் 22 வரை எண்ணிட்டார். ஒரு வகை நூறு ஆண்டுக்கு மேலும் புழக்கத்தில் இருக்கலாம் என்பதால் வகை எண் மட்டும் காலத்தைத் தீர்மானிக்காது. கைப்பிடி முனையில் உள்ள குமிழும் கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே உள்ள குறுக்குக் காப்பும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கை வாள் 1 முதல் 1.3 கிலோ வரை, இரு கைக்கும் இடம் தரும் நீள்வாள் பெரும்பாலும் 1.2 முதல் 1.8 கிலோ வரை. 3 கிலோ எடையுள்ள "போர்வாள்" விற்பனைக்கு வந்தால் அது இடைக்கால வாளின் நகல் ஆகாது. அலகு கைப்பிடியில் மிகத் தடித்து நுனியில் மெலிந்துபோவது அசல் வாளின் இயல்பு. அந்த மெலிவுதான் கையில் இலகுவைத் தருகிறது. காட்சிச் சண்டைக்கான வாளில் விளிம்பு மழுக்கப்பட்டு, நுனி உருண்டையாக இருக்க வேண்டும். அதனால் எடைப் பங்கீடு மாறும். இந்த விட்டுக்கொடுப்பு பாதுகாப்புக்கானது, அதில் பேரம் இல்லை. சான்றுத் தாளில் அதையும் எழுதிவிட்டால் போதும்.

காலாளாக நிற்பவருக்கு வாள் இரண்டாம் ஆயுதம்தான். ஈட்டி, கோடரி, குறுக்குவில் இவற்றுள் ஒன்றை முதலில் ஆராயுங்கள்.

துணியும் தோலும்

கவசத்துக்குச் செலவிட்டதில் கால்பங்கு கவனத்தைக்கூடப் பலர் உடைக்குத் தருவதில்லை; பார்வையாளர் கண்ணில் முதலில் படுவது அதுவே. 1364இல் ஓரே என்னும் ஊரில் நடந்த போரில் இறந்த பிரெஞ்சுப் பிரபு சார்ல் த புளுவாவினது என்று வழிவழியாகச் சொல்லப்படும் மேற்சட்டை பிரான்சின் லியோனில் உள்ளது. கை தோளோடு இணையும் இடத்தில் அகன்ற வட்ட வெட்டு இருப்பதால் கையை உயர்த்தினாலும் சட்டை மேலே ஏறாது. கவசத்தின் உள்சட்டைக்கு இந்த வெட்டே நல்ல முன்மாதிரி. கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஸ்னெஸ் கல்லறைகளில் 1921இல் தோண்டியெடுத்த கம்பளி உடைகள் கோபன்ஹேகனில் உள்ளன. சாதாரண மக்களின் உடை வெட்டுக்கு அவற்றைப் போல் நேரடிச் சான்று குறைவு. செருப்பு, வார், கொக்கி, கத்தி உறை ஆகியவற்றுக்கு இலண்டன் ஆற்றங்கரை அகழாய்வுகளின் அறிக்கைகளில் அளவு வரைபடங்களோடு நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. இவை எல்லாம் கவசத்தைவிட மலிவாக, பெரும்பாலும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. முதலில் இவற்றை முடியுங்கள்.

கைவினைஞரிடம் போகும்போது

சான்றுத் தாள்கள் நிறைந்த பிறகே கவசக்காரரைத் தேடுங்கள். "14ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசம் வேண்டும்" என்று கேட்டால் அவரிடம் இருப்பதைத் தருவார். எந்த அருங்காட்சியகத்தின் எந்த எண்ணுள்ள பொருள், என்ன எடை, எந்த இடத்தில் எவ்வளவு தடிமன், உள் துணி எங்கே தைக்கப்பட வேண்டும் என்று தாளைக் கையில் கொடுங்கள். மூலப் பொருளின் பின்புறமோ உட்புறமோ வெளியிட்ட படங்களில் இல்லையென்றால் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளருக்கு, நீங்கள் ஏற்கெனவே படித்தவற்றைக் குறிப்பிட்டு, ஒரே ஒரு தெளிவான கேள்வியோடு கடிதம் எழுதுங்கள். பொதுவாக எல்லாம் சொல்லுங்கள் என்று கேட்கும் கடிதத்தைவிட அதற்குப் பதில் வருவது எளிது.

அளவு கொடுக்கும்போது, அதன் உள்ளே அணியப்போகும் உடைகள் அனைத்தையும் அணிந்துகொண்டே அளவெடுங்கள். தலைக்கவசத்துக்கு உள்மெத்தையும் வளையத் தலைமூடியும் சேர்ந்த சுற்றளவு, உடற்கவசத்துக்கு உள்சட்டை மேல் இடுப்பின் சுற்றளவு, கால்கவசத்துக்குக் காலுறை மேல் தொடையின் அகலமான இடமும் முழங்கால் மூட்டின் உயரமும் வேண்டும். மூலக் கவசம் அணிந்தவனின் உடலும் உங்கள் உடலும் வேறாகையால் தகடுகளை அப்படியே பெரிதாக்கினால் மூட்டுகள் இடம் தவறும். தகடுகளின் எண்ணிக்கையையும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவையும் மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டுமாறு சொல்லுங்கள். முன்பணம் தருமுன் அட்டையில் வெட்டிய மாதிரியை உடலில் கட்டிப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து, முழங்காலிட்டு எழுந்து, எங்கே இடிக்கிறது என்று குறித்துக் கொடுத்துவிடுங்கள்.